கேப்டனும் ஒன்பது போல்ட்டும்

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உண்மை பேசுவதில்லை என்று கேப்டன் முடிவெடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மற்ற ஆறு நாளும் அவர் பரம யோக்கியர். பிழைப்பே அதுதான். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. எரிந்துபோன கடை, கவிழ்ந்த லாரி, காணாமல் போன கைக்கடிகாரம் என்று வந்து குவியும் மனுக்களில் எது நிஜம், எது புளுகு என்று பிரிக்கும் பொறுப்பு அவருடையது. எதிரில் இருப்பவர் "சத்தியமா சார்" என்று ஆரம்பித்தால் போதும், சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிவிடுவார். அப்படிப்பட்டவர் ஞாயிறு சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பொய்யை மாட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவார்.

அந்தப் பொய்க்குப் பெயர் கீல் போல்ட்.

கேப்டனுக்கும் கடலுக்கும் உத்தியோக முறையில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நாற்பது வயதான ஒரு பாய்மரப் படகை அவர் வாங்கிய அன்று மனைவியின் அண்ணன் கொடுத்த பட்டம் அது. மச்சான் கேலியாகக் கொடுத்தார், இவர் நிஜமாக வாங்கிக்கொண்டார்.

அந்த மாதிரிப் படகின் அடியில் மீனுக்குத் துடுப்பு இருப்பது போல ஒரு கனமான இரும்புத் துண்டு தொங்கும். அதுதான் கீல். காற்று பாயை ஒரு பக்கமாகத் தள்ளும்போது படகு குப்புற விழாமல் நிமிர்த்திப் பிடிப்பது அந்தக் கனம்தான். அதைப் படகோடு சேர்த்துப் பிடித்திருப்பவை ஒன்பது போல்ட். போல்ட் இருந்தால் கீல் இருக்கும். கீல் இருந்தால் படகு இருக்கும். படகு இருந்தால் அதில் ஏறியவர்கள் இருப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பெயிண்ட் அடிப்பதற்காகப் படகைக் கரையேற்றினார்கள். படகுப் பட்டறையில் தடித்த மரக்கட்டைகளின் மேல் கீலை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். பட்டறைக்காரர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கீலும் படகும் சேர்கிற இடத்தில் வழிந்து காய்ந்திருந்த செம்பழுப்புக் கறையை விரலால் தொட்டார்.

"போல்ட்டைப் பார்க்கணும் சார். ஒண்ணையாவது உருவிப் பார்த்துட்டுத்தான் தண்ணியில இறக்கணும்."

"நானே பார்த்துக்கறேன்" என்றார் கேப்டன்.

அடுத்த ஞாயிறு ஸ்பேனர் பெட்டியோடு போனார். ஏணியில் ஏறினார். அறைக்குள் இறங்கினார். படகின் அறை என்றால் நாலு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம், அவ்வளவுதான். சிறிய வட்ட ஜன்னல் வழியாகத் தட்டு அளவு வெயில் விழுந்துகொண்டிருந்தது. எங்கேயோ ஒரு கயிறு கம்பத்தில் தட்டுகிற சத்தம். வேறு சத்தமே இல்லை. முக்கியமாக, "ஏங்க" என்கிற சத்தம் இல்லை. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தார். கொஞ்சம் சாய்ந்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று சாய்ந்தார். விழித்தபோது மணி நாலு.

அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் போல்ட் பார்க்கும் வேலை தவறாமல் நடந்தது. தரைப்பலகையின் மேல் ஒரு மெத்தை வந்தது. பிறகு தலையணை. பிறகு பிளாஸ்கில் டீ. ஸ்பேனர் பெட்டியின் மேல் செய்தித்தாளை விரித்து மேஜையாக்கிக்கொண்டார். போல்ட்டுகள் பலகைக்குக் கீழே இருந்தன, இவர் பலகைக்கு மேலே இருந்தார். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, கறுப்பு கிரீஸை விரல் நுனியில் தொட்டு சட்டைக் கையில் ஒரு இழுப்பு, நெற்றியில் ஒரு இழுப்பு. சாட்சியம் இல்லாத மனு எடுபடாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

அவர் மனைவி பல் டாக்டர். தெருவில் எல்லோருக்கும் டாக்டரம்மா. குரலை உயர்த்தியே பேசாதவர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பவர்களிடம் பேசிப் பழகியதால் பதிலையும் பெரிதாக எதிர்பார்க்க மாட்டார். "தினம் ரெண்டு வேளை தேய்க்கிறேன் டாக்டர்" என்று சொல்பவர்களை அவர் மறுத்துப் பேசியதே இல்லை. "நல்லது" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுப்பார்.

அவருக்கும் ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. ஆகவே வீட்டின் அத்தனை வேலையும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கும். தொங்கிப்போன திரைச்சீலைக் கம்பி, மூடாத அலமாரி, ஒழுகுகிற குழாய், பரணில் கிடக்கும் பெட்டிகள். அதையெல்லாம் தனியாக ஒருத்தர் பார்க்க, இன்னொருத்தர் போல்ட் பார்த்தார்.

சாயங்காலம் விசாரணை நடக்கும்.

"இன்னிக்கு எத்தனையாவது பார்த்தீங்க?"

"மூணாவது."

"போன மாசமும் மூணாவதுன்னுதானே சொன்னீங்க?"

"அது வலது பக்க மூணாவது. இது இடது பக்கம்."

"ஒன்பதை ரெண்டாப் பிரிச்சா ஒண்ணு மிஞ்சுமே?"

"அதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமான போல்ட்."

"நல்லது" என்பார் டாக்டரம்மா.

இப்படியே இன்னும் பத்து வருடம் ஓட்டியிருக்கலாம். கெடுத்தது மச்சானின் போன்தான்.

ஒரு ஞாயிறு சாயங்காலம், கேப்டன் நெற்றிக் கிரீஸைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். டாக்டரம்மா அண்ணனோடு பேசிக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தார். கை வேலையாக இருந்ததால் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"கேப்டன் இருக்காரா? என்ன கேப்டன், இன்னும் அந்த ஒன்பது போல்ட் முடியலையா? நீங்க பார்க்கிற வேகத்துல போல்ட் தானா ரிட்டயர் ஆயிடும் போலிருக்கே."

மனைவி சிரித்திருந்தால்கூட கேப்டன் பொறுத்துக்கொண்டிருப்பார். அவர் சிரிக்கவில்லை. தலையணை உறையை உதறி நாலாக மடித்தார். அந்த மடிப்பில் ஏதோ ஒரு அனுதாபம் இருந்தது. அதைத்தான் கேப்டனால் தாங்க முடியவில்லை.

"முடிஞ்சாச்சு மச்சான். ஒன்பதும் பார்த்தாச்சு. ஒவ்வொண்ணும் சிங்கம் மாதிரி இருக்கு."

போல்ட் விஷயத்தில் அவர் அவ்வளவு போல்டாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நல்லது" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் திங்கட்கிழமை. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே டாக்டரம்மா சொன்னார்:

"பட்டறைக்காரர்கிட்ட பேசிட்டேன். வர்ற ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயிறு. காலையில ஒன்பது மணிக்கு கிரேன். படகைத் தண்ணியில இறக்கிடலாம்."

கேப்டன் சோற்றுக் கையோடு சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணனும் அண்ணியும் வராங்க. நாம ரெண்டு பேர். நாலு பேரும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். நான் ஒரு தொப்பி வாங்கினேன், வெயிலுக்கு."

பெரிய ஓரம் வைத்த வெள்ளைத் தொப்பி. தலையில் வைத்துக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. அந்தத் தொப்பி மட்டும் தனியாகத் தண்ணீரில் மிதப்பது போல கேப்டனின் மனக்கண்ணில் ஒரு காட்சி வந்து நின்றது. டாக்டரம்மாவுக்கு நீச்சல் தெரியாது.

செவ்வாய் காலை, பல் தேய்க்கும்போதே கேப்டன் தற்காப்பை ஆரம்பித்தார்.

"அடுத்த ஞாயிறு காத்து ஜாஸ்தியா இருக்குமாம்."

"பாய்மரத்துக்குக் காத்துதானே வேணும்?"

"எனக்கு முதுகு வேற ஒரு மாதிரி இருக்கு."

"நீங்க சும்மா உட்காருங்க. அண்ணன் கயிறு பிடிப்பான்."

"ரெண்டு வருஷமா வெயில்ல நின்ன படகு. பலகையில இடைவெளி விட்டிருந்தா தண்ணி உள்ளே வரும்."

"அது பைபர் படகுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கேப்டன் வாயைக் கொப்பளித்தார். உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். "நான் ஒரு போல்ட்டைக்கூடப் பார்க்கவில்லை." ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நூறு ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையில் நின்றன, ஒவ்வொன்றும் நெற்றியில் கிரீஸோடு. அதை நினைத்ததும் இன்னொரு தடவை கொப்பளித்துத் துப்பினார்.

ஒரே வழிதான் இருந்தது. பொய்யை மெய்யாக்கிவிட வேண்டும்.

அலுவலகத்துக்குப் போன் செய்து அந்த வாரமும் அடுத்த வாரமும் லீவு சொன்னார். பெட்டி, சாப்பாட்டு டப்பா, இஸ்திரி போட்ட சட்டை சகிதம் வழக்கம் போல ஆபீசுக்குக் கிளம்பி, நேராகப் பட்டறைக்குப் போய் இறங்கினார்.

மெத்தையைச் சுருட்டினார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தரைப்பலகையைத் தூக்கினார். கீழே கறுத்த தண்ணீர் ஒரு சாண் நின்றது. ஊறிப்போன பூட்ஸுக்குள் தலையை விட்டது போல ஒரு நாற்றம். குவளையால் மொண்டு ஊற்றி முடிக்க முக்கால் மணி நேரம். அதற்குப் பிறகுதான் ஒன்பது பேரும் தரிசனம் கொடுத்தார்கள். சிங்கம் மாதிரி ஒன்றும் இல்லை. கறையான் புற்று மாதிரி இருந்தன.

கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். துரு அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. ஐந்து நட்டுகள் ஓரளவு உருவத்தோடு இருந்தன. மூன்று பார்த்தால் பரவாயில்லை ரகம். நாலாவது நட்டின் ஓரம் மட்டும் சுத்தியலால் லேசாகத் தட்டியதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

ஏணியின் மேல் பட்டறைக்காரரின் தலை தெரிந்தது.

"அட, பலகையைத் தூக்கிட்டீங்களா? நானும் ரெண்டு வருஷமா இதைத் தூக்கிப் பார்க்கணும்னு நினைக்கிறேன். எப்ப வந்தாலும் மேல ஆள் படுத்திருக்கு."

கேப்டன் இருமினார். "மேலாகப் பார்த்தா எட்டு நல்லாத்தான் இருக்கு."

"மேலாகப் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது சார். தேயறது கீழே, கீலும் படகும் ஒட்டுற இடத்துல. அங்கேதான் தண்ணி உட்காரும். உருவினாத்தான் தெரியும்."

"எதை உருவறது?"

"உங்களுக்கு எது ரொம்ப பயமா இருக்கோ அதை."

கேப்டன் நாலாவதைத் தேர்ந்தெடுத்தார். துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றினார். ஸ்பேனரை மாட்டி இழுத்தார். அசையவில்லை. ஸ்பேனரின் பிடிக்கு ஒரு நீளக் குழாயைச் செருகி இழுத்தார். படகுதான் அசைந்தது மாதிரி இருந்தது. இன்னும் எண்ணெய் ஊற்றிவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றார் பட்டறைக்காரர்.

நாளைக்கு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வியாழக்கிழமை மதியம், முழங்காலைப் பக்கச் சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தபோது, கீழே எங்கேயோ ஒரு கிறீச்சிடல் கேட்டது. தன் முதுகா போல்ட்டா என்று ஒரு கணம் அவருக்குச் சந்தேகம். போல்ட்தான். அரைச் சுற்று திரும்பியிருந்தது.

தேய்ந்த நட்டை எடுத்துவிட்டு, புது நட்டுகள் இரண்டை ஒன்றோடொன்று நெருக்கி இறுக்கி, அதைப் பிடித்துக் கம்பியையே மரை கழற்றினார். ஒரு முழ நீளக் கம்பி மெதுவாக மேலே வந்தது. மேல் பகுதி கட்டைவிரல் தடிமன். அடிப் பகுதியும் கட்டைவிரல் தடிமன். நடுவில் மட்டும், பழைய தொடர்கதைகளில் கதாநாயகிக்கு எழுதுவார்களே, அந்த மாதிரி ஒரு இடுப்பு. பென்சில் அளவுதான் இருந்தது.

கேப்டன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தட்டு அளவு வெயில் அவர் மடியில் விழுந்திருந்தது. இதன் மேல்தான் இரண்டு வருடமாகத் தூங்கியிருக்கிறார். அதைவிட, கரையேற்றுவதற்கு முந்தைய கோடையில் இதே படகில் மனைவியை உட்காரவைத்து அலையில் ஏறி இறங்கியிருக்கிறார். "பயமா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "நீங்க இருக்கீங்களே" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

பட்டறைக்காரர் போல்ட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்பதையும் மாத்திடுங்க. அதே உலோகத்துல நான் கடைஞ்சு தரேன். கழட்டறதும் மாட்டறதும் உங்க பொறுப்பு."

"அடுத்த ஞாயித்துக்குள்ள முடியுமா?"

"நீங்க தூங்காம இருந்தா முடியும்."

அப்புறம் வந்த நாட்களில் கேப்டனின் வாழ்க்கை தலைகீழாயிற்று. இதுவரை வேலை செய்யாமல் கிரீஸ் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனவர், இப்போது வேலை செய்துவிட்டு கிரீஸைக் கழுவிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பூசுவது எளிது. கழுவுவது அப்படி இல்லை. சோப்பு, மண்ணெண்ணெய், மரத்தூள் எல்லாம் போட்டுத் தேய்த்தும் நக இடுக்கில் ஒரு கறுப்புக் கோடு மிச்சம் நின்றது. விரல் முட்டிகள் நாலும் தோல் உரிந்து கிடந்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீயை நீட்டும்போது டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார். நோயாளியின் தாடையைத் திருப்புவது போலவே திருப்பினார்.

"ஆபீஸ்ல பேனாவுக்கு கிரீஸ் போடச் சொல்றாங்களா?"

"பைல் அலமாரி இருக்கில்ல. கதவு சரியா மூடல. நானே கொஞ்சம் எண்ணெய் விட்டேன்."

"கதவுல எங்கே?"

வேறு வார்த்தை வாயில் வரவில்லை. "கீல்ல" என்றார் கேப்டன்.

"அங்கேயும் கீலா?"

"எல்லாக் கதவுக்கும் கீல் உண்டே."

"உண்டுதான்" என்றார் டாக்டரம்மா. மருந்துப் பெட்டியை எடுத்து வந்து நாலு முட்டிக்கும் மருந்து போட்டார். பஞ்சை ஒற்றும்போது கை அத்தனை மெதுவாக இருந்தது. அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேப்டன் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பார். கேட்காததால் ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். படகுக்குக் கீல் போல்ட் என்றால் அவருக்குக் கீல்வாதம். தோள், முழங்கை, முழங்கால் என்று ஒவ்வொரு மூட்டும் தனித்தனியாக ஆஜர் கொடுத்தது.

இடையில் வந்த ஞாயிறு இன்னும் மோசம். காலையில் அவர் ஸ்பேனர் பெட்டியைத் தொட்டதும் டாக்டரம்மா ஆச்சரியமாகப் பார்த்தார்.

"போல்ட்தான் எல்லாம் முடிஞ்சாச்சே. பட்டறைக்கு எதுக்கு?"

எதுக்கு என்று சொல்ல முடியுமா. பெட்டியைக் கீழே வைத்தார். அன்று முழுவதும் மூன்று ஜன்னல்களுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்டினார். முக்காலியின் மேல் நின்றுகொண்டு ஸ்குரூவைத் திருகும்போதெல்லாம், அங்கே எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும் எட்டு நட்டுகளே கண் முன் நின்றன.

"ரொம்ப இறுக்காதீங்க, சுவர் பெயர்ந்துடும்" என்றார் கீழே நின்ற டாக்டரம்மா. "ஒரு வாரத்துல உங்க கை நல்லா முறுக்கேறியிருக்கு."

"ஆபீஸ்ல பைல் எல்லாம் கனம்" என்றார் கேப்டன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் மிச்சம் எட்டும் வெளியே வந்தன. இரண்டாவதும் ஏழாவதும் பாதியாகத் தேய்ந்திருந்தன. நடுவில் இருந்த ஒற்றை போல்ட்தான் எல்லாவற்றிலும் பிடிவாதம். இருக்கிறதிலேயே கஷ்டமான போல்ட் என்று முன்பு வாய்க்கு வந்தபடி அளந்துவிட்டது நிஜமாகிப் போனதில் கேப்டனுக்கு ஒரு சின்ன திருப்தி. தான் சொன்ன பொய்களில் ஒன்றாவது யோக்கியமாக மாறியிருந்தது.

புதன்கிழமை புதுக் கம்பிகள் வந்தன. பட்டறையில் கடைந்த சூடு ஆறாமல், துடைத்த பாத்திரம் மாதிரி பளபளவென்று ஒன்பது. ஓட்டைகளைச் சுரண்டித் துடைத்துக் காயவைத்து, தண்ணீர் புகாமல் இருக்கப் பசையை வழித்துத் தடவி, ஒவ்வொன்றாக இறக்கினார். நட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த தகடு. இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர் ஒன்றைப் பட்டறைக்காரர் கொடுத்தார். சரியான இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்று சொல்லும்.

"அது டக்குன்னு சொன்னா நிறுத்திடணும் சார். அதுக்கு மேல பலம் காட்டக் கூடாது."

"புரியுது. எங்க வீட்டுலயும் அப்படித்தான்."

வெள்ளிக்கிழமை பசை பிடித்ததும் ஒரு தடவை இறுக்கிப் பார்த்தார். சனிக்கிழமை காலை ஒருமுறை மறுபடி. ஒன்பது டக். சுத்தியலால் மெல்லத் தட்டினார். ஒன்பதும் மணி மாதிரி பதில் சொல்லின. பலகையை மூடினார். மெத்தையைத் திரும்ப விரிக்கத் தோன்றவில்லை. ஏணியில் இறங்கி, படகின் அடியில் போய், கீலும் படகும் சேர்கிற கோட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சுரண்டித் துடைத்த இடத்தில் புதுக் கறை எதுவும் இல்லை. பன்னிரண்டு நாளாகப் பகலில் ஒரு நிமிடம்கூடக் கண் அசரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாளைக்கு டாக்டரம்மா அந்த வெள்ளைத் தொப்பியோடு ஏறி உட்காரலாம். "பயமா இருக்கா?" என்று இவரும் தாராளமாகக் கேட்கலாம்.

பட்டறைக்காரர் நிழலில் உட்கார்ந்து கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குத்தானே கிரேன்?" என்றார் கேப்டன்.

"என்ன கிரேன்?"

"படகை இறக்கறதுக்கு. நாளைக்கு."

"கிரேன் வெளியிலிருந்து வரணும் சார். ஒரு மாசம் முன்னாடியே சொல்லி வைக்கணும். யாரும் சொல்லலையே."

"என் மனைவி உங்ககிட்டப் பேசலையா?"

"பேசினாங்க. ஒரு ஆள் ஒழுங்கா வேலை செஞ்சா ஒன்பது போல்ட்டையும் கழட்டி மாத்த எத்தனை நாளாகும்னு கேட்டாங்க. பத்து நாள்னு சொன்னேன். அந்த ஆளுக்குப் பழக்கம் போதாது, ரெண்டு நாள் சேர்த்து வெச்சுக்கலாம்னாங்க."

கேப்டன் விரல் விட்டு எண்ணினார். செவ்வாயிலிருந்து சனி. பன்னிரண்டு.

அங்கேயே நின்று மச்சானுக்குப் போன் போட்டார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரீங்க?"

"எங்கே?" என்றார் மச்சான்.

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

வீட்டுக்கு நடந்தே போனார். கோபம் நடக்க நடக்க வளர்ந்தது. எத்தனை புளுகு மனுக்களைப் பிரித்தவர். குறுக்கு விசாரணை எப்படிச் செய்வது என்று அவருக்கா தெரியாது. முதல் கேள்வி: கிரேன் வருகிறது என்று சொன்னாயே, அது பொய்தானே? இரண்டாவது: அண்ணன் வருகிறார் என்று சொன்னது? மூன்றாவது: தொப்பி எதற்கு? மூன்று கேள்வியில் ஆள் சரணாகதி. தெருமுனை வரும்போது வாசகம்கூடத் தயாராகிவிட்டது.

வாசல் கேட்டைத் திறக்கும்போது கை நின்றது.

முதல் கேள்வியைக் கேட்டால், "கிரேன் இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று வரும். பட்டறைக்காரர் என்றால், "ஆபீஸ் போனவர் பட்டறைக்கு எதுக்குப் போனீங்க?" என்று வரும். போல்ட் மாற்ற என்றால், "சிங்கம் மாதிரி இருந்த போல்ட்டை எதுக்கு மாத்தினீங்க?" அதற்கு மேல் யோசிக்க அவர் விரும்பவில்லை. அவருடைய பொய்யும் மனைவியின் பொய்யும் ஒரே பைலில் இருந்தன. ஒன்றைப் பிரித்தால் இன்னொன்றும் கீழே விழும். இருபத்தைந்து வருட சர்வீஸில் இப்படி ஒரு கச்சிதமான மனுவை அவர் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கேள்வியும் இல்லாமல் உள்ளே போனார்.

டாக்டரம்மா மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமையும் ஆபீஸ் ரொம்ப வேலையா?"

"முடிஞ்சுது."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"நல்லது. உட்காருங்க." தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "நாளைக்குக் கிரேன் வரலையாம். நானே சொல்லணும்னு இருந்தேன். அடுத்த மாசம் சொல்லி வரவழைச்சுக்கலாம். அண்ணனையும் அப்பவே கூப்பிட்டுக்கலாம். அவசரமா என்ன, போல்ட்தான் நல்லா இருக்கே."

"நல்லா இருக்கு" என்றார் கேப்டன். இரண்டு வருடத்தில் அவர் போல்ட்டைப் பற்றி அந்த மேஜையில் சொன்ன முதல் உண்மை அது. அதைச் சொல்லும்போது குரலே வேறு மாதிரி கம்பீரமாக வந்தது.

"அப்ப இனிமே ஞாயித்துக்கிழமை நீங்க வீட்டுலதான். நாளைக்குப் பரணை ஒழிச்சிடலாம். அடுத்த வாரம் குழாய்."

அப்போதுதான் கேப்டனுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்பது முழுசாகப் புரிந்தது. பன்னிரண்டு நாள் தோல் உரிய உரிய அவர் கழற்றி எறிந்தது போல்ட்டுகளை மட்டும் இல்லை. வட்ட ஜன்னல், தட்டு வெயில், கம்பத்தில் தட்டும் கயிறு, நூறு ஞாயிறு, எல்லாவற்றையும் மரையோடு சேர்த்துக் கழற்றிவிட்டார். எட்டு டக்கோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று தோன்றியது. கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார்.

"அப்படிச் சொல்ல முடியாது. சுக்கான்னு ஒண்ணு இருக்கு. பின்னாடி, படகைத் திருப்பறது. அதோட அச்சு தேய்ஞ்சிருந்தா ஆபத்து. அதைக் கழட்டிப் பார்க்க எப்படியும் ஆறு மாசம்..."

"சுக்கான் அச்சா?" டாக்டரம்மா கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அதை நானும் பட்டறைக்காரரும் போன மாசமே மாத்திட்டோமே."

"எப்போ?"

"ஒரு ஞாயித்துக்கிழமைதான், மத்தியானம். நீங்க உள்ளே தூங்கிட்டிருந்தீங்க. எழுப்ப மனசு வரல. குறட்டை நிக்கும்போதெல்லாம் நாங்களும் சுத்தியலை நிறுத்திக்கிட்டோம்."